60,000 ரூபாயில் பழைய மாருதி ஈகோவைத் தங்கிப் போகும் வண்டியாக மாற்ற முடியுமா?

எனக்கு வந்த கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கையில் இருப்பது 2016 மாடல் மாருதி ஈகோ, பெட்ரோல், ஐந்து சீட். போகப்போவது கணவன், மனைவி இரண்டே பேர். வார இறுதியில் ஏற்காடு, வால்பாறை, ராமேஸ்வரம் என்று போய், லாட்ஜ் தேடாமல் வண்டியிலேயே படுத்து எழ வேண்டும். செலவுக்கு 60,000 ரூபாய். மேலே சோலார், உள்ளே கப்போர்டு, சிங்க், கேஸ் அடுப்பு, கூரையை வெட்டி ஒரு வென்ட் ஃபேன் எல்லாம் இந்தக் காசுக்குள் வருமா?

தங்கிப் போகும் வண்டி தாராளமாக வரும். ஆனால் அந்தப் பட்டியலில் பாதியை இப்போதே அடித்துவிடுங்கள். நாம் வீடியோவில் பார்த்து ஆசைப்படுகிற வண்டிகள் பெரும்பாலும் ஸ்ப்ரின்டர், டிரான்சிட் மாதிரி ஆள் நிமிர்ந்து நிற்கக்கூடிய பெரிய வேன்கள். அவை ஓடுகிற வெளிநாடுகளில் குளிர்தான் எதிரி. அதனால் சுவர் முழுக்கப் பஞ்சு அடைத்து, மேலே பலகை அடித்து, ஹீட்டர் வைத்து, ஒரு சின்ன மர வீட்டையே உள்ளே இறக்குகிறார்கள். நம் ஈகோ மூன்றே முக்கால் மீட்டர்கூட நீளம் இல்லை, அகலம் ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. நமக்குத் தொந்தரவு வெயில், புழுக்கம், கொசு மூன்றும். இந்த வண்டிக்குள் எவ்வளவு குறைவாக வைக்கிறீர்களோ அவ்வளவு நன்றாகத் தூங்குவீர்கள். நான் கடைப்பிடிக்கச் சொல்லும் விதி ஒன்றுதான்: உள்ளே எது வைத்தாலும், ஒரு ஸ்பேனரைக் கையில் எடுத்தால் அரை மணி நேரத்தில் மொத்தமும் கழன்று வெளியே வர வேண்டும். காசும் மிச்சம், சட்டச் சிக்கலும் குறைவு, திங்கட்கிழமை வண்டி வழக்கமான வேலைக்கும் ஆகும்.

சட்டத்தை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் கூரையை வெட்டலாமா என்ற கேள்விக்கு அங்கேதான் பதில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் முரண்படுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று 182ஏ பிரிவில் சேர்த்தார்கள். மோட்டார் கேரவன் என்று தனி வகையே இருக்கிறது, அதற்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலையும் உண்டு, ஆனால் முறைப்படி ஒப்புதலோடு அப்படிக் கட்டி வாங்குவது லட்சக்கணக்கில் போகிற சமாச்சாரம், உங்கள் பட்ஜெட்டில் அதை நினைக்கவே வேண்டாம். ஆகவே கூரையில் ஓட்டை கிடையாது, பாடியில் வெட்டு கிடையாது, பக்கத்துத் தகட்டை அறுத்து ஜன்னல் வைக்கிற வேலை கிடையாது. பின் சீட்டைக் கழற்றலாமா என்று கேட்டால், ஆர்.சி.யில் ஐந்து சீட் என்று இருக்கும்போது நிரந்தரமாக எடுத்துவிட்டால் அதுவும் மாற்றம்தான். அதனால் கழற்றிய சீட்டை விற்றுவிடாமல் வீட்டில் உறை போட்டு வையுங்கள், போல்ட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு அதனுடனேயே கட்டி வையுங்கள், ஊர் திரும்பியதும் மாட்டிவிடுங்கள். எதற்கும் வேலையை ஆரம்பிக்கும் முன் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு தடவையும், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஒரு தடவையும் கேட்டுவிடுங்கள். விபத்து என்று வரும்போது அவர்கள் பார்ப்பது ஆர்.சி.யில் உள்ள வண்டியும் எதிரில் நிற்கிற வண்டியும் ஒன்றுதானா என்பதைத்தான்.

இன்னும் வண்டி வாங்காமல் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மஞ்சள் போர்டு வண்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று பாய்ந்துவிடாதீர்கள், அதை வெள்ளை போர்டுக்கு மாற்ற பெர்மிட்டை ஒப்படைப்பதில் இருந்து ஏகப்பட்ட அலைச்சல் உண்டு. சி.என்.ஜி. வண்டியும் வேண்டாம், நாம் படுக்கிற இடத்தைச் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும். தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்துத் துரு இருக்கிறதா என்று பாருங்கள், தள்ளு கதவின் தண்டவாளத்தில் விரலை விட்டுப் பாருங்கள். டயர், பிரேக், கிளட்ச், கூலன்ட் வேலை பாக்கி இருந்தால் இந்த 60,000 அதற்குத்தான் முதலில். வால்பாறைக்கு ஏற 40 கொண்டை ஊசி வளைவு, இறங்கவும் அதே 40.

இனி கட்டில். உங்கள் காசும் கவனமும் போக வேண்டிய இடம் இதுதான்.

முன் சீட்டின் முதுகில் இருந்து பின் கதவு வரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். உயரமான ஆள் நேராகக் காலை நீட்ட அங்கே இடம் இழுபறியாக இருக்கும். அதனால் கட்டிலை இரண்டு துண்டாகச் செய்யுங்கள்: பின்னால் நிலையான மேடை, முன்னால் கீல் வைத்த ஒரு மடிப்புப் பலகை. இரவில் முன் சீட்டுகளை எவ்வளவு முன்னால் தள்ள முடியுமோ தள்ளி, இந்தப் பலகையை அவற்றுக்குப் பின்னால் விரித்து, தனிக் காலில் நிறுத்த வேண்டும். தலை எப்போதும் பின் கதவுப் பக்கம், கால் முன்னால். இதற்குக் காரணம் இருக்கிறது. ஈகோவின் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. மலை ஏறி நிறுத்திய பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தப் பகுதித் தகடு சூடாகவே இருக்கும். அந்தச் சூட்டில் தலையை வைத்துப் படுத்தால் தூக்கம் வராது. இன்னொன்று, சீட்டைத் தூக்கி எஞ்சினைப் பார்க்கிற வழியையும், ஜாக்கி, ஸ்டெப்னியை எடுக்கிற வழியையும் கட்டில் மறைக்கவே கூடாது. நடு ராத்திரி மழையில் பஞ்சர் ஆனால் மெத்தையோடு சேர்த்து எல்லாவற்றையும் ரோட்டில் இறக்கி வைக்க வேண்டியிருக்கும்.

கட்டில் எவ்வளவு உயரம்? எல்லாரும் அடியில் நிறைய சாமான் வைக்கலாம் என்று 40 சென்டிமீட்டருக்கு மேடை கட்டிவிடுகிறார்கள். அப்புறம் மெத்தை மேல் உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கிறது, சட்டை மாற்றக்கூட குனிந்துகொண்டே மாற்ற வேண்டியிருக்கிறது. சம்மணம் போட்டு உட்கார்ந்தால் தரையில் இருந்து உச்சந்தலை வரை சராசரி ஆளுக்கு 85 முதல் 90 சென்டிமீட்டர் வேண்டும். உங்கள் இருவரில் உயரமானவரை வீட்டுத் தரையில் உட்கார வைத்து அளந்து, வண்டியின் உள் உயரத்தில் அதைக் கழித்து, மெத்தைக்கு 6 சென்டிமீட்டர் கழித்து, மிச்சம் இருப்பதுதான் உங்கள் கட்டில் உயரம். பெரும்பாலும் 25 சென்டிமீட்டர் பக்கம் வந்து நிற்கும். அடியில் நீளமான பிளாஸ்டிக் டிரேக்கள் மட்டும் போகும். அது போதும், இரண்டு பேருக்கு இரண்டு நாள் துணி அதற்குமேல் எதற்கு?

கட்டிலின் சட்டத்துக்கு ஒரு இஞ்ச் சதுரக் குழாய், 16 கேஜ் இரும்பு, பக்கத்து வெல்டிங் பட்டறையிலேயே செய்துகொடுப்பார்கள். பின் சீட்டு பூட்டியிருந்த அதே போல்ட் ஓட்டைகளில் கட்டில் சட்டத்தைப் பூட்டுகிற மாதிரி பட்டறைக்காரரை வண்டியிடம் அழைத்து வந்து அளவெடுக்கச் சொல்லுங்கள். சட்டத்தை வெளியே வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும், வண்டிக்குள் வைத்து வெல்டிங் வேண்டவே வேண்டாம். தரையில் புது ஓட்டையும் போடாதீர்கள், அடியில் பெட்ரோல் டேங்கும் பெட்ரோல் குழாயும் பிரேக் பைப்பும் ஓடுகின்றன. சும்மா வைத்தால் போதும் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். திடீர் பிரேக்கில் ஐம்பது கிலோ கட்டிலும் சாமானும் எங்கே வந்து நிற்கும்? உங்கள் முதுகில்தான். போல்ட் போட்டே ஆக வேண்டும், நைலான் வைத்த லாக் நட்டு போடுங்கள், சாதா நட்டு நம் ரோட்டில் ஒரு மாதத்தில் தளர்ந்துவிடும்.

மேலே 12 எம்.எம். பிளைவுட் போதும். 18 எம்.எம். வாங்கச் சொல்லித் தச்சர் வற்புறுத்துவார், வீட்டுக் கட்டிலுக்கு அது சரி. இங்கே சட்டத்தில் ஒன்றரை அடிக்கு ஒரு குறுக்குக் குழாய் கொடுத்துவிட்டால் 12 எம்.எம். அசையாது. எட்டுக்கு நாலு 12 எம்.எம். முழுப் பலகையே இருபது கிலோவைத் தாண்டும், 18 என்றால் முப்பதுக்கு மேல். ஈரம் தாங்குகிற 710 கிரேடு எடுங்கள், கடையில் மரைன் பிளை என்றால் தருவார்கள். பலகையில் இரண்டு இஞ்ச் வட்ட ஓட்டைகளை வரிசையாகப் போடச் சொல்லுங்கள், மெத்தைக்கு அடியில் வேர்வையும் ஈரமும் தங்காமல் இருக்கும். குழாய்க்கும் பலகைக்கும் நடுவில் பழைய ரப்பர் ஷீட்டோ ஃபெல்ட் துணியோ கொடுத்தால் சத்தம் வராது. வெட்டிய விளிம்புகளுக்கு வார்னிஷ் கட்டாயம். சட்டம், பலகை, கூலி எல்லாம் சேர்த்து ஊரைப் பொறுத்து 12,000 முதல் 15,000 வரை ஆகும்.

மெத்தைக்கு நான் இலவம்பஞ்சுக் கட்சி. போடிநாயக்கனூர்ப் பக்கத்தில் இருந்து வருகிற பஞ்சில் இரண்டு இஞ்ச் கனத்துக்கு மூன்று துண்டாகத் தைத்து வாங்குங்கள், பகலில் மடித்தால் பின்னால் சோபா மாதிரி சாய்ந்துகொள்ளலாம். ஃபோம் மெத்தை உடம்புச் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும், நம் ஊர் மே மாதத்தில் அது கொடுமை. பஞ்சு மெத்தையில் ஒரு குறை, நாளாவட்டத்தில் கட்டி தட்டும், வெயிலில் காயப்போட்டு அடித்துக்கொள்ள வேண்டும். மேலே ஒரு கோரைப் பாயை விரித்துவிட்டால் சமவெளியில் படுக்கும்போது வித்தியாசம் உடனே தெரியும்.

அடுத்தது வெயில். மதியம் வெயிலில் நின்ற வண்டிக்குள் ராத்திரி பத்து மணிக்குக்கூட ஏன் புழுங்குகிறது தெரியுமா? கூரைத் தகடு மட்டும் காரணம் இல்லை, பகல் முழுக்க உள்ளே இருந்த சீட்டு, பலகை, மெத்தை எல்லாம் சூட்டைக் குடித்து வைத்திருக்கின்றன, அதை ராத்திரி திருப்பி விடுகின்றன. அதனால் சூடு உள்ளே வருவதற்கு முன்பே தடுக்க வேண்டும், வந்த பிறகு ஃபேன் போட்டுத் துரத்துவது இரண்டாம்பட்சம். கூரையின் உள் துணியை இறக்கி, தகட்டுக்கு அடியில் 8 அல்லது 10 எம்.எம். எக்ஸ்.எல்.பி.இ. ஃபோம் ஷீட், ஒரு பக்கம் அலுமினியப் பளபளப்பு உள்ளது, ஒட்டுங்கள். தகரக் கொட்டகைக்கு அடியில் அடிக்கிறார்களே அதே ரகம்தான், ஹார்டுவேர் கடையில் சதுர அடிக் கணக்கில் கிடைக்கும். பளபளப்பு கீழ்ப்பக்கம் பார்த்து இருக்க வேண்டும், அதற்கும் கூரைத் துணிக்கும் நடுவில் விரல் அளவாவது காற்றிடைவெளி வேண்டும். பளபளப்பு எதன் மீதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அது வெறும் காகிதம், சூட்டைத் தடுக்காது. பலர் இதைக் கவனிக்காமல் அமுக்கி ஒட்டிவிட்டு இன்சுலேஷன் வேலை செய்யவில்லை என்பார்கள். தெர்மாகோல் வேண்டாம், நெருப்புப் பிடித்தால் உருகிச் சொட்டும். உங்கள் வண்டி வெள்ளை நிறமாக இருந்தால் அதிர்ஷ்டம், பாதி வேலை முடிந்தது.

கண்ணாடி வழியாக வருகிற சூடு கூரைக்கு இளைத்தது இல்லை. கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை 2012லேயே உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது, அந்தப் பேச்சு வேண்டாம். ஒவ்வொரு கண்ணாடிக்கும் பழைய நியூஸ்பேப்பரில் அச்செடுத்து, அதே ஃபாயில் ஷீட்டை அரை இஞ்ச் பெரிதாக வெட்டிக்கொள்ளுங்கள், கண்ணாடியின் ரப்பர் விளிம்புக்குள் தானாகவே பிடித்து நிற்கும். முன் கண்ணாடிக்கும் ஒன்று. உள்பக்கம் கறுப்புத் துணி ஒட்டிவிட்டால் ராத்திரி வெளியே இருந்து யாருக்கும் உள்ளே ஆள் இருப்பது தெரியாது. இது எல்லாம் கத்தரிக்கோல் வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும்.

காற்று. கூரையில் வென்ட் இல்லாமல் காற்றோட்டம் வரவழைப்பது எப்படி என்றால், எதிரெதிராக இரண்டு திறப்பு வேண்டும், ஒன்று தலைமாட்டில், ஒன்று கால்மாட்டில். முன் கதவுக் கண்ணாடிகளை நாலு விரல் இறக்கி விடுங்கள். பின் கதவை முழுசாகப் பூட்டாமல் ஒரு கொக்கி வைத்து இரண்டு இஞ்ச் திறந்தபடி உள்ளே இருந்தே பூட்டிக்கொள்ளும்படி பட்டறையில் ஒரு சின்னப் பட்டி செய்து வாங்குங்கள். அது வண்டி நிற்கும்போது மட்டும் மாட்டுவது, ஓடும்போது கழற்றிவிட வேண்டும். இரண்டு இடத்துக்கும் கொசுவலை. சீட் கவர் தைக்கிற கடையில் கொடுத்தால் கதவின் மேல் விளிம்பு வழியாகச் சட்டை மாதிரி மாட்டுகிற வலை தைத்துத் தருவார்கள், கொசு நுழைய விரலளவு இடைவெளி போதும் என்பதால் கீழ் ஓரத்தில் எலாஸ்டிக் வைக்கச் சொல்லுங்கள். தலைமாட்டு இடைவெளியில் ஒரு 12 வோல்ட் ஃபேனை வெளிக்காற்றை உள்ளே இழுக்கிற மாதிரி வையுங்கள், இன்னொன்று உங்கள் மேல் வீசட்டும். மலையில் குளிர்கிறதே என்று எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் இரண்டு பேர் மூச்சில் விடிகாலையில் கண்ணாடி எல்லாம் தண்ணீராக வடியும், மெத்தை ஓரம் நனையும், தகட்டில் துரு ஏறும். குளிருக்குக் கம்பளி போர்த்துக்கொள்ளுங்கள், ஜன்னலை மூடாதீர்கள்.

ஏ.சி. போட்டுக்கொண்டு தூங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் தூங்கவே கூடாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் ரோட்டோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்திருந்தது. அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது, மூச்சு முட்டுகிற உணர்வும் வராது, தூக்கத்திலேயே முடித்துவிடும். முறையான கேரவனுக்கே அந்தக் கதி என்றால் நம் பழைய ஈகோவின் சைலன்ஸர், தரை ரப்பர்கள் எந்த நிலையில் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று தலைமாட்டில் இருக்கட்டும். ஏ.சி.க்குப் பதில் உயரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும், சேலம் கொதிக்கும்போதும் ஏற்காட்டில் ராத்திரி போர்வை தேடுவீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் ராமேஸ்வரம் வேண்டாம், அதை டிசம்பர், ஜனவரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் விஷயத்தில்தான் காசு அதிகம் வீணாகிறது. முதலில் கணக்குப் போடுவோம். இரண்டு ஃபேன் தலா 15 வாட், எட்டு மணி நேரம் ஓடினால் 240 வாட் அவர். எல்.இ.டி. விளக்கு 20. இரண்டு போன் 30. ஆக ஒரு ராத்திரிக்கு 290, கிட்டத்தட்ட 300. 12.8 வோல்ட், 50 ஏ.எச். (ஆம்பியர் அவர்) லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்றில் 640 வாட் அவர் இருக்கிறது, கிட்டத்தட்ட முழுவதையும் பயன்படுத்தலாம். இரண்டு ராத்திரி ஓடிவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் இருந்த டியூபுலர் பேட்டரியைத் தூக்கி வைக்கலாமே என்றால், அது ஐம்பது கிலோவுக்கு மேல் கனம், பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் போய்விடும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு விடும். தூங்கும் இடத்தில் அது கூடவே கூடாது.

சோலார் வேண்டுமா? ஒரே இடத்தில் மூன்று நாள் நிறுத்திவைப்பவருக்கு வேண்டும். 100 வாட் பேனல் கூரையில் படுத்தபடி இருந்தால் நல்ல வெயில் நாளில் சுமார் 400 வாட் அவர் தரும். ஆனால் அதற்கு வண்டி நாள் முழுக்க வெயிலில் நிற்க வேண்டும், நாமோ நிழல் தேடி நிறுத்துகிறவர்கள். நீங்கள் தினமும் இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டப்போகிறீர்கள். வண்டி ஓடும்போது அதன் கரண்ட்டில் இந்தப் பேட்டரியைச் சார்ஜ் செய்கிற 20 ஆம்பியர் டி.சி. டு டி.சி. சார்ஜர் ஒன்று வைத்தால் இரண்டு மணி நேர ஓட்டத்தில் ஏறக்குறைய 500 வாட் அவர் ஏறிவிடும், ராத்திரிச் செலவுக்கு மேலேயே. அதனால் உங்களுக்குச் சோலார் தேவையில்லை. சார்ஜர் இல்லாமல் வண்டியின் பேட்டரியில் இருந்து நேராக லித்தியம் பேட்டரிக்கு ஒயர் இழுத்துவிடலாம் என்று சில எலக்ட்ரீஷியன்கள் சொல்வார்கள், கேட்காதீர்கள். காலியாக இருக்கிற லித்தியம் பேட்டரி அளவில்லாமல் கரண்ட்டை இழுக்கும், வண்டிக்குக் கரண்ட் தயாரிக்கிற ஆல்டர்னேட்டர் கருகும்.

ஒயரிங்கில் கஞ்சத்தனம் கூடாது. முன்னால் இருந்து பின்னால் வரை 6 சதுர எம்.எம். தாமிர மல்டி ஸ்ட்ராண்ட் ஒயர், இரண்டு பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் இருந்தும் ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ். சார்ஜரோடு வந்த கையேட்டில் எத்தனை ஆம்பியர் ஃப்யூஸ் என்று இருக்கும், அதைத்தான் போட வேண்டும். ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருப்பது ஏன் முக்கியம் என்றால், ஒயர் எங்கே தகட்டில் உரசி அறுந்தாலும் அந்த இடத்துக்கு முன்னால் காவல் இருக்க வேண்டும். தகட்டு ஓட்டை வழியாக ஒயர் போகிற இடங்களில் ரப்பர் வளையம், மற்ற இடங்களில் நெளிவுக் குழாய். சென்னைப் பக்கம் இருந்தால் ரிச்சி தெருவில் ஒரு சுற்றுச் சுற்றினால் எல்லாம் கிடைத்துவிடும். பேட்டரியைக் கட்டிலுக்கு அடியில், பின் சக்கரத்துக்கு மேல் பட்டை போட்டுக் கட்டி வையுங்கள், எஞ்சின் பக்கம் வேண்டாம், லித்தியத்துக்கும் அதிக சூடு ஆகாது. இன்வெர்ட்டர், இண்டக்ஷன் அடுப்பு, ஃப்ரிட்ஜ் மூன்றையும் மறந்துவிடுங்கள். 1,200 வாட் அடுப்பு 12 வோல்ட்டில் நூறு ஆம்பியர் கேட்கும், அதற்கு வேறு பேட்டரி, வேறு ஒயர், வேறு பட்ஜெட்.

சமையல் வண்டிக்கு வெளியேதான். ஈகோவின் பின் கதவு மேல்நோக்கித் திறக்கும், அதுவே பாதிக் கூரை. அதன் மேல் ஒரு சில்பாலின் தார்பாயைப் போட்டு இரண்டு கம்பில் இழுத்துக் கட்டினால் மழையிலும் தோசை சுடலாம். கட்டிலின் பின் ஓரத்தில் இழுத்தால் வெளியே வருகிற ஒரு பலகை, அதன் மேல் அடுப்பு. வீட்டு 14.2 கிலோ சிலிண்டரை ஏற்றாதீர்கள். சின்ன பியூட்டேன் கேன் அடுப்பு இரண்டு பேருக்குப் போதும், இல்லை என்றால் அடையாள அட்டை காட்டினால் கிடைக்கிற 5 கிலோ சிலிண்டர். அதையும் ஓடும்போது நிமிர்த்திக் கட்டி, ராத்திரி வெளியே இறக்கி வைத்துவிட்டுப் படுங்கள். கேஸ் காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும், நீங்கள் படுத்திருப்பதும் தரையை ஒட்டித்தான். ஒரு கிலோ பவுடர் தீயணைப்பான் தள்ளு கதவுப் பக்கம், கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

சிங்க் வேண்டாம். இருபது லிட்டர் தண்ணீர் கேன், மேலே மாட்டுகிற சார்ஜ் பம்பு, கீழே ஒரு பிளாஸ்டிக் டப். முடிந்தது. அந்த கேனே இருபது கிலோ, அதையும் பட்டை போட்டுக் கட்ட வேண்டும். கழிவறைக்குப் பெட்ரோல் பங்க், ஹோட்டல், அதிகாலையில் பஸ் ஸ்டாண்ட் என்று நம் ஊரில் சமாளித்துவிடலாம். உங்கள் மனைவிக்கு இதில் தயக்கம் இருந்தால் அது நியாயமானது, மடக்கு கமோடு ஒன்று பையோடு கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள், சுற்றிக் கட்ட ஒரு திரையும். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

எங்கே நிறுத்துவது என்பதை வண்டி தயாராவதற்கு முன்பே யோசிக்க வேண்டும். தனுஷ்கோடியில் மாலைக்குப் பிறகு இருக்க விடமாட்டார்கள், ராமேஸ்வரம் ஊருக்குள் திரும்பிவிட வேண்டும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே முதல் இ-பாஸ். பந்திப்பூர் ரோடு ராத்திரி ஒன்பது மணிக்கு மூடினால் காலை ஆறு மணிக்குத்தான் திறக்கும். வால்பாறையில் ரோட்டோரம் எங்கேயும் ராத்திரி நிறுத்தாதீர்கள், அது யானையும் சிறுத்தையும் நடமாடுகிற இடம், சாப்பாட்டு வாசனைக்கு வண்டியைத் தேடி வரும். ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்களிடம் ரூம் வேண்டாம், முற்றத்தில் வண்டி நிறுத்திக்கொண்டு பாத்ரூம் மட்டும் பயன்படுத்திக்கொள்கிறோம் என்று பேசிப் பாருங்கள், நியாயமான காசு கொடுத்தால் பலர் சம்மதிக்கிறார்கள். சமவெளியில் நெடுஞ்சாலையோரப் பெரிய பெட்ரோல் பங்க்குகள் நல்லது, மேனேஜரிடம் கேட்டு, டேங்க் நிரப்பிவிட்டு, வெளிச்சம் இருக்கிற ஓரமாக, புறப்படும்போது ரிவர்ஸ் எடுக்கத் தேவையில்லாத மாதிரி நிறுத்துங்கள்.

செலவைச் சேர்த்துப் பார்த்தால் கட்டில் 14,000, மெத்தை 5,000, இன்சுலேஷன், திரை, வலை 8,000, பேட்டரி, சார்ஜர், ஒயர், ஃபேன் 24,000, சமையல், தண்ணீர், அலாரம், தீயணைப்பான் 6,000. 57,000 ஆகிறது. விலை ஊருக்கு ஊர் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாங்காதீர்கள். முதலில் கட்டிலும் மெத்தையும் கண்ணாடி மறைப்பும் கொசுவலையும் மட்டும் செய்துகொண்டு, யு.எஸ்.பி. ஃபேனும் ஒரு பெரிய பவர் பேங்க்கும் வைத்து வீட்டு வாசலிலேயே ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கள், அப்புறம் ஏற்காட்டில் ஒரு ராத்திரி. ஃபேனை எங்கே வைத்தால் காற்று வருகிறது, இருட்டில் செருப்பைத் தேட எங்கே விளக்கு வேண்டும், ஒருவர் எழுந்தால் இன்னொருவர் மேல் ஏறித்தான் இறங்க வேண்டியிருக்கிறதா என்பதெல்லாம் அதில்தான் தெரியும். பேட்டரிக்கான 24,000ஐ அதுவரை தொடாமல் வைத்திருங்கள்.

பட்டறைக்குப் போகும் முன் உள் நீளம், சக்கர மேடுகளுக்கு இடையே உள்ள அகலம், தரையில் இருந்து கூரை உயரம், பின் சீட்டு போல்ட் ஓட்டைகளின் இடைவெளி, உங்கள் இருவரின் உயரம் இவற்றை எழுதி அனுப்புங்கள். குறுக்குக் குழாய்கள் எங்கே வர வேண்டும், மடிப்புப் பலகை எவ்வளவு நீளம் என்று வரைந்தே அனுப்புகிறேன்.